வேறொருவன் கால்

மேட்டுப்பாளையம் ரவுண்டானாவில்
பெடலை நான் தொட்டது ஒரு விரல் கனம்.
வண்டி ஒரு வசவைப் போலப் பாய்ந்தது.
முன்னால் காலிக் கூடைகளோடு போன கேரட் லாரிக்காரர்
கண்ணாடியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

நானில்லை அண்ணா.
இது விசாகனின் கால்.

பதினோராயிரம் கிலோமீட்டர்
அவினாசி சாலையில் அவன் மிதித்த மிதியெல்லாம்
இந்த கியர்பெட்டிக்குள் கணக்காக இருக்கிறது.
எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம்,
பிரேக்கை எவ்வளவு தாமதமாக நம்பினான்,
எந்த நொடியில் பொறுமை தீர்ந்தது.
ஆளை நான் பார்த்ததில்லை.
விற்பனைத் தாளில் கையெழுத்து மட்டும்.
கடைசிக் கோடு தாளைக் கிழித்திருந்தது.

விற்ற வண்டியை வாங்கியவர் வாசலில் விடுவது என் வேலை.
ட்ரிப்புக்கு ஆயிரத்து இருநூறு,
திரும்பி வரும் பஸ் காசு தனி.
குன்னூரில் காத்திருக்கிறார்
தேயிலை ஏலத் தரகர் போஜராஜன்.
'அவசரமே இல்லை ஜெசிந்தா' என்று சொல்ல
மூன்று முறை போன் செய்துவிட்டார்.

கல்லாறு. பாக்குத்தோப்பின் ஈர நிழல்.
முதல் கொண்டை ஊசி வளைவு.
நான் காலைத் தளர்த்திய இடத்தில்
அது இரண்டாம் கியரை விடாமல் பிடித்து உறுமியது,
வளைவு முடிந்ததும் பாய்வேன் என்று.
பாயவில்லை.
வராத விருந்தாளிக்கு இலை போட்டதுபோல்
அடுத்த பல்லைக் கோத்து வைத்துக் காத்திருந்தது.

பர்லியாறில் பிளாஸ்டிக் பாட்டில் தேடிய சோதனைக்காரர்
சிவப்பு பானெட்டைத் தடவிப் பார்த்து,
'ஆட்டோமேட்டிக்கா? அப்ப உங்களுக்கு வேலையே இல்லையே' என்றார்.
ஒரு குரங்கு அவருக்குப் பின்னால்
மங்குஸ்தானை உரித்துக்கொண்டிருந்தது.

மேலே மலைரயில் கூவியது.
நடுவில் பல் வைத்த தண்டவாளம்,
பல்லைப் பல் கடித்து ஏறுகிறது.
யார் ஓட்டினாலும் அதே மூச்சு, அதே நேரம்.
அதற்கு யாரையும் தெரியாது.
கொடுத்துவைத்தது.

ஐந்தாவது வளைவில் இன்னும் அவன்.
ஏழில் கொஞ்சம் சந்தேகம்,
கியர் மாறலாமா என்று ஒரு கணம் தொங்கி நின்றது.
எட்டில் எதிரே அரசு பஸ். ஒதுங்கினேன்.
அதுவும் ஒதுங்கியது, குலுக்காமல்.
பதினொன்றில், நான் கேட்கும் முன்பே,
மூன்றாவதுக்கு ஏறி அடங்கிக்கொண்டது.
சத்தமே இல்லை.
முப்பது நிமிடத்தில் என்னைப் படித்துவிட்டது.

காட்டேரி தாண்டி ஒரு நேர்சாலை.
பனி விலகி, யாருமில்லாத முன்னூறு மீட்டர்.
லேசாக மிதித்தேன். வரவில்லை.
இன்னும் கொஞ்சம். வரவில்லை.
இவள்தானே,
இவளுக்கு இது போதும் என்று
நினைத்துக்கொண்டிருந்தது வண்டி.

அம்மா வீட்டிலும் இப்படித்தான் சோறு போடுவார்கள்.

மிதித்தேன்,
தரைவிரிப்பு நசுங்க.

அரை நொடி அது நம்பவில்லை.
பிறகு இரண்டு படி ஒரேயடியாக இறங்கி
நெஞ்சை சீட்டோடு அறைந்து
தேயிலைச் சரிவெல்லாம் பச்சைக் கோடாய்ப் பின்னோட
ஓடியது.
விசாகனா, நானா தெரியாது.
வாய்விட்டுச் சிரித்தது நான்.

போஜராஜன் வீட்டு முற்றத்தில்
லேப்டாப்போடு ஒரு பையன் தயாராக இருந்தான்.
'பழைய ஓனரோட பழக்கமெல்லாம்
அழிச்சிடலாம் சார், அஞ்சு நிமிஷம்.
வழியில வண்டி எப்படி இருந்துச்சுக்கா?'
'நல்லா இருந்துச்சு' என்றேன்.
சாவியைக் கொடுத்தேன்.
அவர் கொடுத்த தேநீர் அருமை, ஆறிப்போயிருந்தாலும்.

மாலை பஸ்ஸில் ஜன்னல் சீட்.
டிரைவர் இரண்டாம் கியரிலேயே இறக்கிக்கொண்டிருந்தார்.
பதினான்கு, பதின்மூன்று, பன்னிரண்டு.
ஒவ்வொரு வளைவு முடிவிலும்
என் வலது கால்
தகரத்தை அமுக்கிக்கொண்டே வந்தது.